சூடானால் நின்றுபோகும் வண்டி: பழைய எஃப்-150 பிக்கப்பின் இக்னிஷன் கோளாறுகளை அறிகுறி வழியே கண்டறிதல்

நாற்பது நிமிடம் நன்றாக ஓடிய வண்டி, விளக்கை அணைத்தது போல ஒரே நொடியில் நின்றுவிடுகிறது. ஓரமாக உருட்டி நிறுத்தி, பானெட்டைத் திறந்து வைத்து அரை மணி நேரம் காத்திருந்தால், ஒன்றுமே நடக்காதது போலக் கிளம்பிவிடுகிறது. மெக்கானிக்கிடம் கொண்டுபோய் நிறுத்தினால் அங்கே எந்தக் குறையும் தெரிவதில்லை. காயிலை மாற்றுகிறார்கள், பிளக்குகளை மாற்றுகிறார்கள், பெட்ரோல் பம்பைக்கூட மாற்றுகிறார்கள். அடுத்த வாரம் அதே சாலையில் வண்டி மறுபடியும் நிற்கிறது. இந்தக் கட்டத்தில்தான் பலர் நல்ல எஞ்சின் உள்ள வண்டியைப் பழைய இரும்பு விலைக்குக் கொடுத்துவிடுகிறார்கள். எனக்கு அது பொறுக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் எடுத்துக்கொள்வது 1987 முதல் 1991 வரை வந்த ஃபோர்ட் எஃப்-150 பிக்கப்பை. அதிலும் 4.9 லிட்டர், வரிசையாக ஆறு சிலிண்டர் கொண்ட எஞ்சினை. 300 கன அங்குலம் என்பதால் அமெரிக்காவில் இதை ‘300’ என்றே சொல்வார்கள். 1965இல் வந்து 1996 வரை உற்பத்தியில் இருந்த எஞ்சின் இது. 1987இல் இன்ஜெக்டர் பொருத்தப்பட்டது. எட்டு சிலிண்டர் 5.0 லிட்டர் எஞ்சினிலும் இக்னிஷன் அமைப்பு, அதாவது பெட்ரோலைக் கொளுத்தும் தீப்பொறியை உண்டாக்கும் அமைப்பு, ஏறக்குறைய இதுவே. ஆனால் அதன் வெடிப்பு வரிசை, அதாவது சிலிண்டர்களுக்குப் பொறி போகும் வரிசை, வேறு. பொறியை ஒவ்வொரு சிலிண்டருக்கும் பங்கிடும் ரோட்டார் சுற்றும் திசையும் வேறு.

எல்லாச் சோதனைக்கும் பொதுவான விதி ஒன்று உண்டு. கோளாறு எந்த நிலையில் வருகிறதோ அந்த நிலையில் சோதிக்க வேண்டும். சூட்டில் வரும் கோளாறைக் காலையில் குளிர்ந்த எஞ்சினில் தேடினால், நல்ல பாகங்களைத்தான் அளந்துகொண்டிருப்பீர்கள்.

மின்சாரம் போகும் வழி

சாவியைத் திருப்பியதும் 12 வோல்ட் மின்சாரம், மின்னழுத்தத்தை உயர்த்தும் சுருளான காயிலின் பிளஸ் முனைக்கும், பொறியைச் சிலிண்டர்களுக்குப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் சாம்பல் நிற மாட்யூல் என்ற மின்னணுச் சுவிட்சுக்கும் வருகிறது. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் காந்தப் புலத்தை உணரும் ஹால் சென்சார் ஒன்று இருக்கிறது. தண்டு சுற்றும்போது அதிலுள்ள உலோகத் தகடுகள் சென்சாரைக் கடந்து போக, சென்சார் துடிப்புகளை அனுப்புகிறது. இந்தத் துடிப்புக்கு பிஐபி என்று பெயர். அது மாட்யூலுக்கும் போகிறது, எஞ்சின் கணினிக்கும் போகிறது. கணினி எப்போது தீப்பொறி வேண்டும் என்று கணக்கிட்டு ஸ்பவுட் என்ற ஒயர் வழியாக மாட்யூலுக்குச் சொல்கிறது. மாட்யூல் காயிலின் மைனஸ் முனையைத் துண்டித்த கணத்தில் காயிலில் பல ஆயிரம் வோல்ட் எழுகிறது. அது காயில் ஒயர், டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியான கேப், அதற்குள் சுற்றும் ரோட்டார், பிளக் ஒயர் வழியாகப் பிளக்கின் இடைவெளியைத் தாண்டுகிறது.

கோளாறு இந்தச் சங்கிலியில் எங்கோ ஓர் இடத்தில்தான் இருக்க முடியும். ஒவ்வொரு சோதனையும் சங்கிலியை இரண்டாக வெட்டி, எந்தப் பாதியில் குறை என்று சொல்ல வேண்டும். அப்படிச் சொல்லாத சோதனை நேர விரயம்.

கருவிகள் அதிகம் வேண்டாம். ஒயருக்கும் எர்த்துக்கும் இடையே மாட்டும் தீப்பொறிச் சோதனைக் கருவி, மல்டிமீட்டர், 12 வோல்ட் சோதனை விளக்கு, டைமிங் விளக்கு, மாட்யூல் திருகுகளுக்கான மெல்லிய சுவருள்ள 5.5 மில்லிமீட்டர் சாக்கெட் ஆகியவை போதும். பிளக் ஒயரைக் கையில் பிடித்து எஞ்சின் உடம்பில் தீப்பொறி பறக்கிறதா என்று பார்க்கும் பழைய பழக்கத்தை இந்த வண்டியில் விட்டுவிடுங்கள். உங்கள் கைக்கும் ஆபத்து. போக வழியில்லாத மின்னழுத்தம் திரும்பி வந்து மாட்யூலையும் கெடுத்துவிடும். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் ஓடும் எஞ்சினின் இக்னிஷன் பக்கம் போகவே கூடாது.

செல்ஃப் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை

முதலில் பேட்டரி. செல்ஃப் சுற்றும்போது மின்னழுத்தம் 10 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால், பேட்டரியைச் சரிசெய்த பிறகே மற்றவற்றைத் தொடுங்கள். பலவீனமான மின்சாரத்தில் நல்ல மாட்யூல்கூடப் பொய் சொல்லும்.

அடுத்து கேப்பைக் கழற்றிவிட்டு, ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லி ரோட்டாரைப் பாருங்கள். அது சுற்ற வேண்டும். இந்த எஞ்சினில் கேம் தண்டைச் சுற்றுவது செயின் அல்ல, பல்சக்கரம். அதில் கேம் பக்கச் சக்கரம் நார்ப்பொருளால் ஆனது. வயதானால் பல் உதிர்வதுண்டு. ரோட்டார் அசையாவிட்டால் அந்தச் சக்கரமோ, டிஸ்ட்ரிபியூட்டர் அடியிலுள்ள சக்கரத்தின் பின்னோ போயிருக்கிறது. இக்னிஷன் பாகம் எதை வாங்கினாலும் பயனில்லை. இரண்டு நிமிடத்தில் முடியும் இந்தச் சோதனையைச் செய்யாமல் நூறு டாலருக்குப் பாகம் வாங்கியவர்கள் உண்டு.

ரோட்டார் சுற்றினால், கேப்பின் நடுவில் செருகியிருக்கும் காயில் ஒயரைக் கழற்றி, அதன் முனையில் தீப்பொறிக் கருவியை மாட்டி எர்த் கொடுத்துச் செல்ஃப் அடியுங்கள். நீல நிறத்தில், சொடுக்கும் ஒலியோடு சீராகப் பொறி வந்தால் காயில் வரை எல்லாம் சரி. குறை அதற்கு அப்பால், கேப், ரோட்டார், ஒயர், பிளக் பக்கம் இருக்கிறது. ‘ஏற்றத்தில் உதறுகிறது’ என்ற பகுதிக்குப் போங்கள். அவையும் சரி, பிளக் வரை பொறி வருகிறது என்றால் பெட்ரோலைப் பாருங்கள். மோதலின்போது பம்பை நிறுத்தும் பாதுகாப்புச் சுவிட்ச் ஒன்று பயணி இருக்கையின் கால் பகுதியில் இருக்கிறது. பலமான குலுக்கலில் அது தானாக விழுந்திருக்கலாம். மேலிருக்கும் பொத்தானை அழுத்தினால் போதும்.

காயிலிலிருந்து பொறியே வரவில்லையா? இப்போது மூன்று கேள்விகளை வரிசையாகக் கேட்க வேண்டும். வரிசையை மாற்றினால் விடை குழம்பிவிடும்.

ஒன்று: காயிலின் பிளஸ் முனையில் 12 வோல்ட் இருக்கிறதா? சாவி ஆன் நிலையில், சிவப்பில் இளம்பச்சைக் கோடு போட்ட ஒயரில் சோதனை விளக்கை வையுங்கள். விளக்கு எரியாவிட்டால் இக்னிஷன் சுவிட்சும் அதிலிருந்து வரும் ஒயருமே குற்றவாளிகள்.

இரண்டு: மாட்யூல் காயிலை இயக்குகிறதா? சோதனை விளக்கின் கொக்கியைப் பேட்டரி பிளஸ்ஸில் மாட்டி, முனையைக் காயிலின் மைனஸில் வைத்துச் செல்ஃப் அடியுங்கள். விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தால் மாட்யூல் தன் வேலையைச் செய்கிறது, காயில் செய்யவில்லை. காயில் ஒயரை ஒருமுறை அளந்துவிட்டுக் காயிலை மாற்றலாம். காயிலை மீட்டரில் அளந்தால் பிளஸ்ஸுக்கும் மைனஸுக்கும் இடையே 0.3 முதல் 1 ஓம் வரையும், உயர் அழுத்தச் சுற்றில் 6,500 முதல் 11,500 ஓம் வரையும் காட்ட வேண்டும். ஆனால் சரியான அளவு காட்டும் காயில் நல்ல காயில் என்று ஆகிவிடாது. உள் காப்பு வெடித்த காயில் மீட்டரில் அழகாகத் தெரியும். பொறி மட்டும் கொடுக்காது. மீட்டரைவிடப் பொறிச் சோதனையை நம்புங்கள்.

மூன்று: விளக்கு மினுக்கவில்லை என்றால், மாட்யூலுக்குத் துடிப்பு வருகிறதா? மாட்யூலின் ஆறு முனை இணைப்பில் பிஐபி ஒயரை வண்டியின் ஒயரிங் படத்தைப் பார்த்து அடையாளம் கண்டு, பின்பக்கமாக மீட்டர் ஊசியை நுழையுங்கள். சாவியை ஆன் செய்துவிட்டு, கிராங்க் புல்லியின் போல்ட்டில் ஸ்பேனர் போட்டு எஞ்சினைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். மின்னழுத்தம் ஏறக்குறைய பூஜ்யத்துக்கும் பேட்டரி அழுத்தத்துக்கும் இடையே மாறி மாறித் தாவ வேண்டும். ஆறு சிலிண்டர் என்பதால் கிராங்க் ஒரு முழுச் சுற்றுக்கு மூன்று தாவல்கள். காந்தச் சுருள் சென்சார் உள்ள பழைய அமைப்புகளில் இப்படிக் கையால் சுற்றிப் பார்க்க முடியாது. ஹால் சென்சார் நின்ற நிலையிலும் பேசும். அந்த வசதியைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

தாவல் இருக்கிறது, ஆனால் காயில் மைனஸ் மினுக்கவில்லை என்றால் மாட்யூல் செத்துவிட்டது. தாவலே இல்லை என்றால் சென்சார் என்று உடனே முடிவு கட்டாதீர்கள். இந்த அமைப்பில் சென்சாருக்கு மின்சாரம் மாட்யூல் வழியாகத்தான் போகிறது. மாட்யூலுக்குள் அந்தப் பாதை அறுந்திருந்தாலும் சென்சார் ஊமையாகிவிடும். மாட்யூலைக் கழற்றி, சோதித்துக் கொடுக்கும் உதிரிபாகக் கடைக்குக் கொண்டுபோங்கள். ஒருமுறை சோதித்துவிட்டு நல்லது என்று கொடுத்தால் வாங்கிக்கொள்ளாதீர்கள். தொட்டால் கை சுடும் அளவுக்கு எட்டு, பத்து முறை தொடர்ந்து ஓட்டச் சொல்லுங்கள். அதிலும் தேறினால்தான் சென்சாரைச் சந்தேகிக்க வேண்டும்.

கருவியே இல்லாமல் பிஐபியைச் சோதிக்க ஒரு குறுக்கு வழியும் உண்டு. சாவியை ஆன் செய்ததும் பெட்ரோல் பம்ப் சுமார் ஒரு நொடி ஓடி நிற்கும். செல்ஃப் அடிக்கும்போது அது மறுபடி ஓட வேண்டுமானால் கணினிக்குத் துடிப்பு வர வேண்டும். ஆகவே செல்ஃப் அடிக்கும்போது பம்பும் ஓடவில்லை, பொறியும் இல்லை என்றால் இரண்டையும் ஒன்றாகக் கொல்லும் பிஐபி பக்கம் பாருங்கள். பம்ப் ஓடுகிறது, பொறி மட்டும் இல்லை என்றால் மாட்யூல், காயில் பக்கம்.

சாவியை விட்டதும் அணைந்துவிடுகிறது

செல்ஃப் அடிக்கும்போது எஞ்சின் பிடிக்கிறது, சாவி தன் இடத்துக்குத் திரும்பியதும் அணைகிறது என்றால், ‘ஓடும்’ நிலைக்கான மின்பாதை அறுந்திருக்கிறது. ஸ்டியரிங் தண்டின் மேலுள்ள இக்னிஷன் சுவிட்சைத்தான் முதலில் பார்க்க வேண்டும். சாவியை ஆன் நிலையில் வைத்து லேசாக முன்னும் பின்னும் ஆட்டுங்கள். காயில் பிளஸ்ஸில் விளக்கு சிமிட்டினால் விடை கிடைத்துவிட்டது.

சூடானதும் நின்றுவிடுகிறது, ஆறியதும் கிளம்புகிறது

இந்த வண்டிக்கே உரிய நோய் இது. காரணம் மாட்யூல் இருக்கும் இடம். கடும் சூட்டில் இருக்கும் எஞ்சினோடு இணைந்த டிஸ்ட்ரிபியூட்டரின் மேலேயே, சூட்டைத் தாங்காத மின்னணுச் சில்லுகளைக் கொண்ட பெட்டியைப் பொருத்தியிருக்கிறார்கள். 2000ஆம் ஆண்டில் கலிஃபோர்னியாவின் அலமீடா கவுண்டி நீதிமன்றம் இதைக் குறைபாடு என்று கண்டு, அந்த மாநிலத்தில் சுமார் 17 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைக்க ஆணையிட்டது. அடுத்த ஆண்டு வழக்கு சமரசத்தில் முடிந்தது. எஃப்-150இல் 1990களின் தொடக்கத்திலேயே மாட்யூலை டிஸ்ட்ரிபியூட்டரிலிருந்து பிரித்துத் தள்ளி வைக்கத் தொடங்கிவிட்டார்கள்.

ஆனாலும் சூட்டில் நின்றால் மாட்யூல்தான் என்று கண்ணை மூடிக்கொண்டு மாற்றுவதை நான் ஏற்கமாட்டேன். ஹால் சென்சாரும் சூட்டில் ஊமையாகும். காயிலும் போகும். பெட்ரோல் பம்பும் போகும். நான்குக்கும் வெளியில் தெரியும் அறிகுறி ஒன்றே.

நிற்கும் விதத்தைக் கவனியுங்கள். பெட்ரோல் குறைந்து நிற்கும் வண்டி முக்கி, திணறி, இழுவை குறைந்து, பிறகு நிற்கும். இக்னிஷன் போன வண்டி சுவிட்சை அணைத்தது போல நிற்கும். உங்கள் வண்டியில் டாகோமீட்டர், அதாவது எஞ்சின் சுற்றும் வேகத்தைக் காட்டும் மானி, இருந்தால் அதுவே நல்ல சாட்சி. வண்டி கியரில் உருண்டுகொண்டிருக்க, எஞ்சின் சுற்றிக்கொண்டிருக்க, ஊசி மட்டும் சட்டென்று பூஜ்யத்தில் விழுந்தால் காயில் மைனஸில் துடிப்பு நின்றுவிட்டது என்று பொருள். அப்படியானால் குறை மாட்யூலிலோ, அதற்கு முன்னாலோ இருக்கிறது. ஊசி மெல்ல மெல்ல இறங்கினால் பெட்ரோல் பக்கம் திரும்புங்கள்.

வண்டி நின்ற பிறகு கிடைக்கும் அந்த அரை மணி நேரம்தான் உங்களுக்கு உள்ள ஒரே சாட்சியம். அது ஆறும்போது கரைந்துகொண்டே போகும். ஆகவே தீப்பொறிக் கருவி, சோதனை விளக்கு, மீட்டர் மூன்றையும் வண்டியிலேயே வைத்திருங்கள். மேலே சொன்ன மூன்று கேள்விகளையும் வீட்டில், குளிர்ந்த எஞ்சினில், நல்ல நிலையில் ஒருமுறை செய்து பழகுங்கள். சாலையோரத்தில் லாரிகள் பறக்கும்போது எந்த ஒயர் எது என்று தேடிக்கொண்டிருக்கக் கூடாது. நின்ற கணத்தில் செய்யுங்கள்: காயில் மைனஸில் விளக்கு மினுக்கியும் பொறி இல்லையென்றால் காயில், மினுக்காமல் பிஐபி மட்டும் தாவினால் மாட்யூல், பிஐபியும் இல்லையென்றால் மாட்யூலைச் சூட்டில் சோதித்துவிட்டுச் சென்சார்.

சாலைக்குப் போகாமல் வீட்டிலேயே கோளாறை வரவழைக்கவும் முடியும். எஞ்சினை ஐடிலில் ஓடவிட்டு, தலைமுடி உலர்த்தும் கருவியால் மாட்யூலின் மேல் சூடான காற்றை அடியுங்கள். சில நிமிடங்களில் எஞ்சின் நின்றால், நனைத்துப் பிழிந்த துணியை மாட்யூலின் மேல் போடுங்கள். துணி போட்ட சற்று நேரத்தில் கிளம்பிவிட்டால் சந்தேகம் மாட்யூலின் மேல் பலமாகிறது. முழுத் தீர்ப்பு அல்ல. சென்சார் அதன் அருகிலேயே உட்கார்ந்திருக்கிறது, அதுவும் சேர்ந்து குளிரும். நின்ற நிலையில் பிஐபியை அளப்பதே தீர்ப்பு.

மாட்யூலை மாற்றும்போது பலர் தவறுவது கழற்றும் அசைவில். கேப்பை ஒயர்களோடு கழற்றி ஓரமாகச் சாய்த்துவிட்டு, ஆறு முனை இணைப்பைப் பிரித்து, இரண்டு திருகுகளையும் எடுங்கள். பிறகு மாட்யூலை உங்களை நோக்கி நெம்பி இழுக்காதீர்கள். அதன் உள்பக்கம் மூன்று ஊசிகள் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் செருகியிருக்கின்றன. பரப்பை விட்டுத் தூக்காமல், டிஸ்ட்ரிபியூட்டரின் அடித்தட்டை நோக்கிக் கீழே சறுக்குங்கள். ஊசிகள் விடுபட்ட பிறகே வெளியே எடுக்க வேண்டும். நெம்பினால் ஊசிகளோடு சென்சாரின் சாக்கெட்டும் உடையும். இருபது நிமிட வேலை ஒரு நாள் வேலையாகிவிடும்.

அடுத்தது பசை. மாட்யூலின் அடிப்பக்க உலோகத் தகடுதான் அதன் சூட்டை டிஸ்ட்ரிபியூட்டர் உடம்புக்குக் கடத்துகிறது. இரண்டுக்கும் இடையே சூடு கடத்தும் சிலிக்கான் பசை, சுமார் முக்கால் மில்லிமீட்டர் கனத்தில், தகடு முழுவதும் இருக்க வேண்டும். பழைய பசை காய்ந்து சுண்ணாம்பாகியிருக்கும். அதைத் துணியாலும் கரைப்பானாலும் உலோகம் பளிச்சிடும் வரை துடையுங்கள். நான் முதல்முறை மாற்றியபோது, அவசரத்தில் காய்ந்த பசையின் மேலேயே புதியதைப் பூசினேன். அடுத்த கோடைக்குள் அதே நோய் திரும்பி வந்தது. மாட்யூல் மேல் எந்தக் குறையும் இல்லை. சூடு வெளியேற வழியில்லாமல் நான்தான் அடைத்து வைத்திருந்தேன். திருகுகளைச் சீராக இறுக்குங்கள். மிகையாக இறுக்கினால் அலுமினிய மரை கழன்றுவிடும்.

நிறத்தையும் பாருங்கள். சாம்பல் மாட்யூலும் கறுப்பு மாட்யூலும் பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் உள்வேலை வேறு. ஒன்றுக்குப் பதில் மற்றதைப் போடக் கூடாது. எடுத்த நிறமே திரும்பப் போக வேண்டும். நல்ல மாட்யூல் ஒன்றையும், சிறு பசைக் குழாயையும், அந்த 5.5 மில்லிமீட்டர் சாக்கெட்டையும் டேஷ்போர்டு அறையில் போட்டு வையுங்கள்.

ஏற்றத்தில் உதறுகிறது, சமதரையில் சரியாக ஓடுகிறது

பாரம் ஏறும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் கூடுகிறது. அழுத்தம் கூடினால் பிளக்கின் இடைவெளியைத் தாண்ட அதிக வோல்ட் தேவைப்படுகிறது. அந்த வோல்ட்டுக்கு வேறு எங்காவது சுலபமான வழி கிடைத்தால், வெடித்த ஒயர் வழியாகவோ, கேப்பின் உள்சுவரில் ஓடும் கரிக்கோடு வழியாகவோ போய்விடும். அதனால்தான் ஐடிலில் அமைதியாக இருக்கும் எஞ்சின் ஏற்றத்தில் உதறுகிறது. மழைக்காலக் காலையில் மட்டும் கிளம்ப மறுக்கும் வண்டிக்கும் இதே காரணம்தான். ஈரம் அந்தத் திருட்டு வழியை அகலமாக்குகிறது.

நல்ல இருட்டில் பானெட்டைத் திறந்து எஞ்சினை ஓடவிடுங்கள். பூவாளித் தெளிப்பானால் ஒயர்களின் மேலும் கேப்பின் மேலும் பனி போல லேசாகத் தண்ணீர் தெளியுங்கள். கசியும் இடத்தில் நீலப் பொறி ஓடுவது கண்ணுக்குத் தெரியும். கையையும் உடையையும் விசிறியிலிருந்தும் ஒயர்களிலிருந்தும் தள்ளி வையுங்கள்.

பிறகு எஞ்சினை அணைத்து, ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி அளந்து பாருங்கள். ஓர் அடி நீளத்துக்கு 5,000 ஓமைத் தாண்டினால் அந்த ஒயரின் காலம் முடிந்தது. ஒன்று போனால் ஆறையும் மாற்றுவதே முறை. அவை ஒரே நாளில் ஒரே சூட்டில் வெந்தவை. கேப்பைக் கவிழ்த்துப் பாருங்கள். பென்சிலால் கிறுக்கியது போல மெல்லிய கறுப்புக் கோடு ஒரு முனையிலிருந்து இன்னொன்றுக்கு ஓடினால் துடைத்துப் பயனில்லை. கேப்பையும் ரோட்டாரையும் சேர்த்தே மாற்றுங்கள்.

பிளக்குகளைக் கழற்றும்போது எந்த சிலிண்டரில் இருந்தது என்று வரிசையாக வையுங்கள். ஐந்து மணல் நிறமாக இருந்து ஒன்று மட்டும் ஈரக் கறுப்பாக இருந்தால் அந்த சிலிண்டரில் பொறி வருவதில்லை, அல்லது எண்ணெய் ஏறுகிறது. ஆறுமே உலர்ந்த கரியாக இருந்தால் அது பெட்ரோல் அதிகமாகும் வேறு கதை. இடைவெளி 1.1 மில்லிமீட்டர், அதாவது 0.044 அங்குலம். தேய்ந்து ஒன்றரை மில்லிமீட்டர் ஆன பிளக், தான் கெட்டதோடு நிற்பதில்லை. காயிலையும் ஒயரையும் கேப்பையும் ஒவ்வொரு பொறிக்கும் கூடுதலாக வருத்துகிறது. புதிய மாட்யூல் போட்டவர்கள் பழைய பிளக்குகளை அப்படியே விடுவது எனக்குப் புரியாத சிக்கனம்.

பழைய ஒயரைக் கழற்றிய இடத்திலேயே புதியதைப் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள். எல்லாவற்றையும் ஒன்றாகக் கழற்றிவிட்டால்: வெடிப்பு வரிசை 1-5-3-6-2-4, ரோட்டார் கடிகாரச் சுற்றாகச் சுற்றும், முதல் சிலிண்டர் ரேடியேட்டர் பக்கம். பிளக்கில் மாட்டும் ரப்பர் மூடியின் உள்ளே துளி சிலிக்கான் கிரீஸ் தடவினால் ஈரமும் ஏறாது, அடுத்த முறை கழற்றும்போது கிழியவும் செய்யாது.

டாகோமீட்டர் ஊசி துள்ளுகிறது, எஞ்சின் இடையிடையே தடுமாறுகிறது

ஹால் சென்சார் சாகும் முன் கொடுக்கும் அறிகுறி பெரும்பாலும் இதுதான். கணினியிடமே கேட்கலாம். பானெட்டுக்கு அடியிலுள்ள சோதனை இணைப்பில், தனியாகத் தொங்கும் ஒற்றை ஒயரைச் சிக்னல் ரிட்டர்ன் முனையோடு சிறு ஒயரால் இணைத்து, எஞ்சினைக் கிளப்பாமல் சாவியை ஆன் செய்தால், ‘செக் எஞ்சின்’ விளக்கு எண்ணிக்கையாக மினுக்கும். 11 என்றால் நலம். அதற்குப் பிறகு ஒற்றை மினுக்கலும், அதைத் தொடர்ந்து நினைவில் சேமித்த எண்களும் வரும். 14 என்றால் பிஐபி துடிப்பு ஒழுங்காக வரவில்லை. 18 என்றால் காயில் இயக்கம் கணினிக்குத் தெரியவில்லை. மூன்று இலக்க எண் தரும் பிந்தைய வண்டிகளில் இவை 211, 212. எண் எந்தப் பாகத்தை வாங்கச் சொல்கிறது என்று பார்க்காதீர்கள். எந்தப் பாதையை அளக்கச் சொல்கிறது என்று பாருங்கள். உரசி அறுந்த ஒயரும் 14 காட்டும்.

சென்சாரை மாற்ற டிஸ்ட்ரிபியூட்டரை வெளியே எடுத்து, பின்னைத் தட்டி, அடிச் சக்கரத்தை அழுத்தி எடுக்க வேண்டும். தண்டு ஏற்கனவே ஆடத் தொடங்கியிருந்தால் சென்சார் மட்டும் மாற்றுவது அரை வேலை. புதுப்பித்த முழு டிஸ்ட்ரிபியூட்டரே நல்லது. கழற்றும் முன் முதல் சிலிண்டரின் பிளக்கை எடுத்து, துளையில் விரலை வைத்து எஞ்சினைச் சுற்றுங்கள். காற்று விரலைத் தள்ளும்போது, புல்லியிலுள்ள குறி பூஜ்யத்துக்கு வரும் வரை கொண்டுவாருங்கள். ரோட்டார் நோக்கும் இடத்தை டிஸ்ட்ரிபியூட்டர் உடம்பில் கீறுங்கள்; உடம்பு எஞ்சினில் இருக்கும் கோணத்தையும் குறியுங்கள். மெதுவாகத் தூக்கும்போது, சக்கரப் பல் சாய்வாக இருப்பதால் ரோட்டார் கொஞ்சம் திரும்பும். திரும்பி நின்ற இடத்தையும் இரண்டாவது குறியாகப் போடுங்கள். புதியதை இறக்கும்போது இரண்டாவது குறியில் தொடங்கினால் முதல் குறியில் வந்து உட்காரும்.

கடைசி அரை அங்குலம் இறங்க மறுத்தால் அடிக்காதீர்கள். கீழே ஆயில் பம்பைச் சுற்றும் அறுகோணத் தண்டு பொருந்தவில்லை. டிஸ்ட்ரிபியூட்டரை லேசாக அழுத்திப் பிடித்துக்கொண்டு எஞ்சினைக் கையால் சிறிது சுற்றினால் தானாக விழும். பிறகு முதல் சிலிண்டரின் குறிக்கே திரும்பக் கொண்டுவந்து ரோட்டாரைச் சரிபாருங்கள்.

இழுவை இல்லை, பெட்ரோல் அதிகம் குடிக்கிறது, ஏற்றத்தில் தட்டும் ஒலி

டிஸ்ட்ரிபியூட்டரைத் தொட்டவர் எவரும் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகக் கூடாது. தொடாதவர்களுக்கும் இந்த அறிகுறிகள் இருந்தால் இதுவே இடம். எஞ்சினை நன்றாகச் சூடேற்றுங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் அருகே ஒயரில் செருகியிருக்கும் சிறிய ஸ்பவுட் இணைப்பைப் பிடுங்குங்கள். இப்போது கணினி விலகிக்கொள்ளும். மாட்யூல் அடிப்படை டைமிங்கிலேயே, அதாவது கணினி மாற்றாத நிலையான நேரத்திலேயே, பொறி கொடுக்கும். டைமிங் விளக்கை முதல் ஒயரில் மாட்டிப் பாருங்கள். பிஸ்டன் உச்சியில் நிற்கும் மேல்மட்டப் புள்ளிக்கு 10 டிகிரி முன்னால் குறி நிற்க வேண்டும். இல்லையென்றால் டிஸ்ட்ரிபியூட்டரின் பிடிப்பு போல்ட்டைத் தளர்த்தி, மயிரிழை மயிரிழையாகத் திருப்பிச் சேர்த்து இறுக்குங்கள். இறுக்கியபின் மறுபடி பாருங்கள், இறுக்கும்போதே நகர்ந்துவிடும். குறி ஓரிடத்தில் நில்லாமல் நடுங்கினால் டிஸ்ட்ரிபியூட்டர் தண்டின் புஷ் தேய்ந்திருக்கிறது.

இதே நிலையில் ஆக்சிலரேட்டரை மிதித்தால் குறி நகரக் கூடாது. இனி எஞ்சினை அணைத்து, ஸ்பவுட்டைத் திரும்பச் செருகி, கிளப்பி மிதியுங்கள். குறி தெளிவாக முன்னே ஓட வேண்டும். ஓடவில்லை என்றால் கணினியின் கட்டளை மாட்யூலுக்குப் போய்ச் சேரவில்லை. அந்தச் சிறு இணைப்பின் முனைகளில் பச்சைப் பூஞ்சை போலத் துரு ஏறியிருக்கிறதா, முன்பு யாராவது பிடுங்கிவிட்டு மறந்துபோனார்களா என்று பாருங்கள். ஸ்பவுட் இல்லாமலும் வண்டி ஓடும், 10 டிகிரியிலேயே, எல்லா வேகத்திலும். சோம்பலாக ஓடும், பெட்ரோலைக் குடிக்கும். உரிமையாளர் எஞ்சினுக்கு வயதாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருப்பார். பானெட்டை மூடும் முன் அந்த இணைப்பை விரலால் ஒருமுறை அழுத்திப் பாருங்கள்.